குசினி இல்லாத கொட்டிலில் அடுப்பு

ஊரில் எமது வீடுகளில் குசினி தனியாகவே இருந்தது. வீட்டிற்குப் பின்னால் சில அடிகள் தள்ளி, மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக அது அமைந்திருந்தது. அங்கே தீப்பிடித்தாலும் வீடு தப்பியது. புகை எழுந்தாலும் பிள்ளை உறங்கும் அறைக்குள் வரவில்லை. இடம்பெயர்ந்து வந்த இடத்திலோ ஒரே கொட்டிலுக்குள் சமைக்கிறோம், உண்கிறோம், உறங்குகிறோம். விதைநெல்லையும் காணி உறுதியையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறோம். ஊர்ப் பழக்கத்தின்படியே இங்கும் அடுப்பு மூட்டும்போதுதான் ஆபத்து நேருகிறது. எனவே, குசினி இல்லாத இடத்தில் குசினிக்குரிய பாதுகாப்பை எவ்வாறு ஏற்படுத்தலாம் என்பதை இங்கு நோக்குவோம்.

அடுப்பின் இடம்

இயலுமானால் கொட்டிலுக்கு வெளியே ஒரு சிறு பத்தி இறக்கி அங்கே சமையுங்கள். காற்று நெருப்புப் பொறியைக் கொட்டிலின் பக்கம் கொண்டுவராதபடி இடத்தைத் தெரிவு செய்யுங்கள். உள்ளேதான் சமைக்க வேண்டுமென்றால், அடுப்புக்கும் கிடுகுக்கும் அல்லது தறப்பாளுக்கும் இடையே 3 அடியாவது இடைவெளி விடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் அடுப்பின் பின்னால் மார்பளவு உயரத்திற்கு ஒரு மண்சுவர் எழுப்புங்கள். புற்றுமண்ணுடன் உமி கலந்து குழைத்தால் போதும், செலவில்லை. தறப்பாள் எரியும்போது உருகிச் சொட்டும். சொட்டியது தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறந்துவிடக்கூடாது.

தவழும் பிள்ளை இருந்தால் அடுப்பைச் சுற்றித் தடிகளால் ஒரு தட்டி கட்டுங்கள். கொதிக்கும் சோற்றுப் பானையை நிலத்தில் இறக்கி வைத்துவிட்டு அப்பால் போகாதீர்கள்.

விறகும் புகையும்

2022 ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது பட்டணத்தவர்களும் விறகைத் தேடினார்கள். நாமோ என்றும் விறகையே நம்பியிருப்பவர்கள். ஆனால் புகை வெறும் கண்ணெரிவு அல்ல. வீட்டுப் புகையினால் 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்திற்கும் அதிகமானோர் 5 வயதிற்குட்பட்ட பிள்ளைகள்.

ஈர விறகே அதிகம் புகையும். விறகைச் சிறிதாகப் பிளந்து, வெயிலில் காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எரியுங்கள். பயறு, கடலை போன்றவற்றை முதல்நாள் இரவே ஊறவைத்து, சட்டியை மூடிச் சமைத்தால் விறகு குறையும். மூன்று கல் அடுப்பை விட, இரண்டு சட்டி வைக்கக்கூடிய 'அனகி' போன்ற மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். அடைத்த கொட்டிலுக்குள் குளிருக்காகக் கரிநெருப்பு வைத்துக்கொண்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மண்ணெண்ணெய்க் குக்கர்

எரியும் குக்கருக்கு ஒருபோதும் எண்ணெய் ஊற்றாதீர்கள். அணைத்து, நன்றாக ஆறவிட்டு, வெளியே கொண்டுபோய், முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். பெற்றோல் சிறிதளவு கலந்த மண்ணெண்ணெயும் குபீரெனப் பற்றும். ஆகவே பெற்றோல் இருந்த கலனில் மண்ணெண்ணெய் வாங்காதீர்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தீ பரவும். மணலைக் கொட்டுங்கள், அல்லது நனைத்துப் பிழிந்த சாக்கினால் மூடுங்கள். ஒரு வாளி மணலும் ஒரு சாக்கும் அடுப்பருகே எப்போதும் இருக்கட்டும்.

சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் வைக்காதீர்கள். தாகத்தில் பிள்ளை அதைக் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றுவிடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எரிகாயம் பட்டால்

உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. நிலத்தில் படுத்து உருள வேண்டும். காயம் பட்ட இடத்தில் 20 நிமிடங்கள் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். வீங்குவதற்கு முன்னர் காப்பு, மோதிரம் முதலியவற்றைக் கழற்றிவிடுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மை எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயத்தையும், உள்ளங்கையை விடப் பெரிய காயத்தையும், சிறுபிள்ளைக்குப் பட்ட காயத்தையும் வைத்தியர் பார்க்கவேண்டும். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச நோயாளர் காவுவண்டி வரும்.

இறுதியாக ஒன்று. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு பையிலிட்டு, அடுப்புக்கு எட்டவாக, வாசல் பக்கத்தில் வையுங்கள். ஊர் திரும்பும் நாளில் எம் காணியை எமதென்று காட்டுவதற்கு அவை வேண்டும். ஆனால் தீ மூண்டால் முதலில் பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியேற்றுங்கள். பைக்காக எவரும் திரும்பி உள்ளே போகவேண்டாம்.

உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, களைத்து வந்த சீடர்களுக்கு மீனும் அப்பமும் ஆயத்தப்படுத்தினார். வீடிழந்து வந்த எமக்கும் அடுப்பைச் சுற்றியே குடும்பம் மீண்டும் கூடுகிறது. இந்த வாரமே அயலவர் இருவர் மூவர் சேர்ந்து, ஒவ்வொரு கொட்டிலிலும் அந்த மண்சுவரை எழுப்பத் தொடங்குவோம்.