வருசத்துக்கு வந்த சட்டை

மட்டக்களப்பு - திருகோணமலை வீதியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக இருக்கிறது மாங்கேணி. பெண்கள் குழுக்களுடனான வேலைக்காக நான் அடிக்கடி சென்றுவரும் கிராமங்களில் இதுவும் ஒன்று. சித்திரை வருசம் பிறக்க மூன்று நாட்கள் இருக்கையில் அங்கு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. பணியாரத்துக்குப் பயறு வறுபட்ட வாசம் படலை வரை வந்தது.

"வாங்க மிஸ், இருங்க" என்று பாயை விரித்த அம்மம்மா, முதல் நாள் வந்த பார்சலைப் பிரித்துக் காட்டினார். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் மகள் தன் பிள்ளைக்கு அனுப்பிய சிவப்புச் சட்டை. ஆறு வயதுப் பேத்தியைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தோம். கை நுழையவில்லை.

"அவ போகக்குள்ள புள்ளைக்கு நாலு வயசு மிஸ். தாய்ட கண்ணுக்கு இன்னும் நாலு வயசுதான்" என்றார் அம்மம்மா. தொலைபேசியில் முகத்தை மட்டும் பார்க்கிற தாய்க்குப் பிள்ளையின் உயரம் தெரிவதில்லை. பிள்ளை அழவில்லை. சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "அம்மாக்குச் சொல்லாதீங்க" என்றாள்.

அந்தத் தாய் ஏன் போனார்? எங்கள் கரையோரத்தில் மாரி காலத்தில் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும். சித்திரை வரும்போது பல வீடுகளில் கையில் காசிருக்காது. ஆனால் அயலில் எல்லாப் பிள்ளைகளும் புதுச்சட்டை போடும்போது தன் பிள்ளை மட்டும் பழையதோடு நிற்பதை எந்தத் தாயால் பார்க்க முடியும்? ஒரு வருசத்துக்கு உடுப்பும் பலகாரமும் என்று குழுக்கடன் எடுத்தார். கிழமைக்கிழமை கட்ட முடியாமல் அதை அடைக்க இன்னொரு கடன். கடைசியில் கடவுச்சீட்டு எடுத்தார்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. நுண்கடனால் பெண்கள் படும் பாடு பெரிதாகியதால், 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க நேர்ந்தது. பெண்கள் வெளிநாடு செல்லக் குடும்பப் பின்னணி அறிக்கை தேவை என்ற நடைமுறை 2013 இல் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்குச் செல்ல அது தடையாக இருந்தது. 2022 இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. வெளிநாடு செல்லும் தந்தையிடம் இந்த அறிக்கை கேட்கப்பட்டதில்லை. பிள்ளை வளர்ப்பு தாயின் வேலை மட்டுமே என்ற எண்ணம் சட்டத்திலும் புகுந்திருக்கிறது.

அப்படியானால் வருசமே கொண்டாட வேண்டாமா? அந்த அம்மம்மாவே பதில் சொன்னார். 2006 இறுதியில் யுத்தத்தால் வாகரைப் பிரதேசமே இடம்பெயர்ந்தது. 2007 சித்திரை அவருக்குக் கூடாரத்தில்தான் வந்தது. "ஒண்டுமில்ல மிஸ். மருத்துநீர் கொஞ்சம் கிடைச்சிச்சு. புள்ளைகள்ட தலையில வெச்சன். ஆளுக்கு ரெண்டு கொழுக்கட்டை. மகள் இப்பவும் போன்ல அந்த வருசத்தத்தான் சொல்லுவா."

எனக்கு அது பெரிய பாடம். மருத்துநீர் என்பது தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியன இட்டுக் காய்ச்சுவது. தலையிலும் காலிலும் இலை வைத்து, மூத்தவர் ஒருவர் அதைப் பிள்ளையின் உச்சியில் வைப்பார். பிறகு முழுக்கு, நல்ல நேரத்தில் வெற்றிலையோடு கைவிசேஷம். இவற்றில் எதற்கும் கடன் தேவையில்லை. உடுப்பின் நிறத்தைச் சொல்லும் பஞ்சாங்கம்கூட, அந்த நிறத்தில் கரை வைத்த துணியும் போதும் என்று எழுதுவதுண்டு. பிள்ளையின் மனதில் நிற்பது தலையில் பட்ட கைதான்.

என் பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு வருசத்துக்கு முதல் நாள், வேலை முடிந்து வந்து இரவு பதினொரு மணிவரை முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். மாவைத் தொட வந்த என் சின்ன மகனை அதட்டிவிட்டேன். அவன் அழுதபடி தூங்கிப்போனான். கணவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்; நானும் அவரைக் கூப்பிடவில்லை. பிள்ளைகளுக்கான பெருநாளில் பிள்ளையை விரட்டிவிட்டு யாருக்காகச் சுட்டேன்? அடுத்த வருசம் இரண்டே பலகாரம். தேங்காய் துருவியது கணவர். கொழுக்கட்டை பிடித்தது மகன். எல்லாம் கோணல்; எல்லாம் முடிந்தது.

மாங்கேணிக் குழுவில் இப்போது ஏழு பெண்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள். கிழமைக்கு நூறு ரூபா சீட்டு. பங்குனியில் ஆளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் கையில் வரும். பலகாரம் ஒரே முற்றத்தில் கூட்டாகச் சுடுவது. மாவிடிப்பதும் விறகு கொத்துவதும் ஆண்களின் பொறுப்பு. புதுச்சட்டைக்காக வட்டிக்கு வாங்குவதில்லை என்பது ஏழு பேரின் முடிவு. "அயலவர் என்ன சொல்வார்கள்?" என்று ஒருவர் கேட்டார். "அயலவர் நாங்கதானே" என்றார் மற்றவர்.

சகோதரிகளே, கடன் எடுக்குமுன் வீட்டில் எல்லோரும் ஒருமுறை கூடியிருந்து பேசுவோம். கணவரும் அந்தப் பேச்சில் இருக்கட்டும், பிள்ளைகளும் இருக்கட்டும். எங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். தாய் தூர இருக்கும் வீடுகளில் அம்மம்மாவோ சித்தியோ மாதமொருமுறை பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, நூலால் உயரத்தை அளந்து தாய்க்குச் சொல்லுங்கள்.

அன்று புறப்படுமுன் நாங்களும் அப்படி அளந்து அனுப்பினோம். சட்டை சிறுத்ததையும் சொல்லிவிட்டோம். தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவ்வளவு வளந்திட்டாளா?" என்று கேட்டார்.