துண்டுக்குள் பேசும் இயந்திரங்கள்

தந்திக்குச் சொல் கணக்கில் காசு கொடுத்த காலத்தில் வியாபாரிகள் சுருக்கமாகத்தான் எழுதினார்கள். மாட்டுத் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதும் நாம் அறிந்ததே.

இப்போது அந்த வழக்கம் கம்ப்யூட்டருக்கு வந்திருக்கிறது. சில்லறைக் கடைக்கு ஆர்டர் போட ஒரு செயற்கை நுண்ணறிவு முகவர். மொத்தக் கடையில் பதில் சொல்ல இன்னொன்று. இவற்றின் பேச்சுக்கும் பெரும்பாலும் சொல் துணுக்குக் கணக்கில்தான் கட்டணம். ஆகவே முகமன் கூறி நீட்டாமல், 'துவரம் பருப்பு, 10 மூட்டை, விலை, தேதி' என்று கட்டம் கட்டி அனுப்பினால் செலவு மிச்சம், குழப்பமும் குறைவு. இத்தகைய முகவர்கள் பேசிக்கொள்ளப் பொது விதிமுறை ஒன்றைக் கூகுள் 2025 ஏப்ரலில் வெளியிட்டது.

சுருக்கம் எல்லை மீறினால்? 2017இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் புத்தகம், தொப்பி, பந்து இவற்றைப் பங்கிட இரண்டு இயந்திரங்களுக்குப் பேரம் கற்பித்தார்கள். வேண்டாத பொருளை வேண்டியதுபோல் காட்டிப் பிறகு விட்டுக்கொடுக்கும் தந்திரத்தை அவை தாமாகவே கற்றன. (நம்மவருக்கு இது புதிதல்ல!) ஆனால் நல்ல பங்குக்குத்தான் மதிப்பெண், ஒழுங்கான ஆங்கிலத்துக்கு இல்லை என்று விட்டபோது, பேச்சு மனிதருக்குப் பிடிபடாமல் போயிற்று. பயந்துபோய் நிறுத்தினார்கள் என்று பத்திரிகைகள் எழுதியது மிகை. ஆங்கிலத்தை விட்டு விலகாதபடி திருத்திக்கொண்டார்கள், அவ்வளவே.

நம்மிடம் முகவர் விற்க வருவோரிடம் மாதக் கட்டணம் மட்டும் கேட்டால் போதாது. ஒப்புக்கொண்ட அளவும் விலையும் தமிழில் சீட்டாகக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். தேனிச் சரக்கு கடமலைக்குண்டு தாண்டி வருசநாட்டில் இறங்கியபின் மூட்டைக் கணக்கில் தகராறு வந்தால், லாரிக்காரரிடம் எதைக் காட்டுவது?