வெள்ளுடைக் கல்வி – 6: இருபது நிமிஷம்

சென்ற வாரம், செவிலியர் பயிற்சியின் முதலாண்டில் கற்கும் உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல் முதலிய சாஸ்திரங்களைப் பற்றியும், படுக்கை விரிப்பதற்கும் கை கழுவுவதற்கும்கூட வகுக்கப்பட்டுள்ள கிரமங்களைப் பற்றியும் பேசினோம். இவ்வாரம், பரீட்சைக்குத் தனித் தாளாக அமையாமல் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவி நிற்கும் ஒரு வித்தையை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் அருகில் நின்று, அவர் உடம்பையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக் காத்திருப்பதே அது. காத்திருப்பதற்கும் ஒரு படிப்பா என்று கேட்பவர்களுக்கு எங்கள் கரிசல் சீமையிலிருந்தே விடை சொல்லலாம்.

வைப்பாற்றங்கரையிலுள்ள விளாத்திகுளத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் மானாவாரிப் புஞ்சைகள். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இந்த மண்ணில், ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் கம்பும் மிளகாயும் விதைக்கிற சம்சாரி, களையெடுக்கையிலோ, கதிரைக் கட்டுக் கட்டுகையிலோ, வேலிக்கருவேலை வெட்டி மூட்டம் போடுகையிலோ, அறியாமல் பாம்பின்மேல் கைவைத்துவிடுவது அபூர்வமன்று. நம் தேசத்தில் பாம்புக்கடியால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமானவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கே. இவற்றில் முன்னிரண்டின் விஷம் நரம்புகளை முடக்கி மூச்சை நிறுத்தும். பின்னிரண்டின் விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியை அழிக்கும்.

கடித்தது எது என்று தூக்கிவந்தவர்களுக்குத் தெரியாத சமயத்தில், பெரிய யந்திரம் எதுவுமில்லாத ஆஸ்பத்திரியிலும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. நோயாளியின் ரத்தத்தில் இரண்டு மில்லி எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிஷம் அசைக்காமல் நிறுத்திவைத்து, பின்பு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ரத்தம் உறைந்தது. தண்ணீர்போல் வழிந்தால் விஷம் வேலை செய்கிறது. இதில் பிளாஸ்டிக் குழாய் உதவாது, ஏனெனில் கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுவது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது, ஏனெனில் அதில் தங்கிய மிச்சம் உறைதலைக் கெடுத்து, இல்லாத விஷத்தை இருப்பதாகக் காட்டிவிடும். பத்தாம் நிமிஷத்தில் ஆவலால் குழாயை எடுத்து ஆட்டிப் பார்க்கிற மாணவி, சோதனையையே பாழாக்கிவிடுகிறாள்.

வெளியே நிற்கும் உறவினருக்கோ அந்த இருபது நிமிஷமும் அலட்சியமாகவே தோன்றும். "இம்புட்டு நேரமா சும்மா நிக்கீங்களே சிஸ்டர், ஊசியப் போடக்கூடாதா?" என்று அவர் பதறுவதிலும் நியாயம் உண்டு, "சும்மா நிக்கல அண்ணாச்சி, ரத்தம் உறையுதான்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று முகங்கோணாமல் பதில் சொல்வதும் பயிற்சியின் ஓர் அங்கமே. அந்த இடைவேளையில் அவள் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் குறித்துக்கொள்கிறாள். வீக்கம் ஏறியுள்ள எல்லையைப் பேனாவால் கோடிட்டு நேரம் எழுதுகிறாள். பல் ஈறில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்கிறாள். ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று கடிபட்டவரையே எண்ணச் சொல்கிறாள். இமை கனத்துத் தாழ்ந்தாலும், எண்ணிக்கை குறைந்தாலும், குழாயின் தீர்ப்புக்குக் காத்திராமல் அக்கணமே டாக்டரை அழைக்க வேண்டும். ரத்தம் உறைந்துவிட்டதே என்று நிம்மதி கொள்வது நல்லபாம்பையும் கட்டுவிரியனையும் மறந்தவர் செயல். மண்ணைக் கையில் பிசைந்து பார்த்து, விதைக்கலாமா, பொறுக்கலாமா என்று நிதானிக்கும் சம்சாரியின் பொறுமை எத்தகையதோ அத்தகையது இது.

விஷமுறிவு மருந்து செலுத்தும் கட்டத்தில், வகுப்பில் கற்ற ஒரு பாடம் தலைகீழாகிறது. குழந்தைக்கு மருந்தின் அளவை உடல் எடையைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும் என்று மருந்தியலில் மனனம் செய்த மாணவி, பாம்புக்கடியில் மட்டும் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு என்பதை அறிகிறாள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தை அளந்து கொடுப்பதில்லை, மருந்து எதிர்க்க வேண்டியதும் உடம்பையன்று, விஷத்தையே. முதல் தவணை பெரும்பாலும் எட்டு முதல் பத்துக் குப்பிகள். பொடியாக இருக்கும் மருந்தில் குப்பிக்குப் பத்து மில்லி சுத்திகரித்த நீர் விட்டு, நுரை எழக் குலுக்காமல், மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குதிரையின் ரத்தத்திலிருந்து ஆக்கப்படுவதாதலால் சிலருக்கு இம்மருந்தே ஒவ்வாது. அரிப்பும் தடிப்பும் அதன் முதல் அடையாளங்களாதலால், அட்ரினலினைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டே டிரிப்பைத் தொடங்குவார்கள். மீண்டும் குழாயில் ரத்தம் எடுப்பது ஆறு மணி நேரத்துக்குப் பின்பு. அழிந்துபோன உறைபொருள்களை ஈரல் திரும்ப ஆக்கிக்கொள்ள ஏறக்குறைய அவ்வளவு அவகாசம் வேண்டும்.

இத்தகைய நிதானத்தை முறைப்படுத்திக் கற்பிக்கும் ஏற்பாடு நம் ராஜதானிக்குப் புதிதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. 1926-இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டுப் பதிவேடு ஏற்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1946-இல் பட்டப் படிப்பையே ஆரம்பித்தது. இன்று மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ பெற்று, கவுன்சிலில் பெயர் பதிந்த பிறகே ஒருவர் பதிவு பெற்ற செவிலியராகிறார். பதிவு என்பது வெறும் அலங்காரமன்று. எந்த நிமிஷத்தில் என்ன கண்டார், யாருக்குச் சொன்னார் என்பதற்குக் கேஸ் ஷீட்டில் இட்ட கையெழுத்தின்மூலம் அவர் பொறுப்பாளி என்பதே அதன் தாத்பரியம்.

ஆகவே, கவனிக்கக் கற்பித்த சமூகம் கவனிப்பதற்கு அவகாசமும் தந்தாக வேண்டும். ஒரே செவிலியர், இரவு முழுதும் வார்டையும் பிரசவ அறையையும் பதிவேடுகளையும் சேர்த்துச் சுமந்தால், குழாயின் அருகே நிற்க வேண்டிய இருபது நிமிஷத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் விரைவதை நாம் சிகிச்சை என்று எண்ணுகிறோம். அந்தப் பயணம் தேவையா என்பதை முன்கூட்டியே அறிந்து சொல்லும் கண்களும் சிகிச்சையே. அக்கண்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் கட்டடத்தை மட்டும் கூட்டுவதால் பயன் சொற்பம்.

பிரசவ அறையில் மாணவிகள் கற்பதை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)