மஞ்சள் ஒன்று, பெயர்கள் பல

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து புதுச்சேரி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், நகரத்தை நெருங்கும்போது வருகிறது பெரிய முதலியார்சாவடி. புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களில் வெள்ளை விளிம்புகளுடன் திகழும் மஞ்சள், இந்தக் கரையோர மக்களுக்குப் பழகிய நிறம். அதே மஞ்சளைத் தம் வீட்டுக்கு விரும்பிப் பூசுவோர் சில ஆண்டுகளில் ஒரு சிக்கலைச் சந்திக்கின்றனர்.

உப்புக் காற்று படும் சுவர் முதலில் உதிர்கிறது. அந்த ஒரு சுவரை மட்டும் சீரமைக்க எண்ணிக் கடைக்குச் சென்றால், பழைய நிறுவனத்தின் பெயின்ட் அங்கு இல்லை. 'இதே மஞ்சள்தான்' என்று கடைக்காரர் தரும் வேறொரு நிறுவனத்தின் பெயின்ட், சுவரில் காய்ந்ததும் சற்றே பச்சை தட்டுகிறது. அல்லது ஆரஞ்சு சாயல் காட்டுகிறது. பழியோ நாள்கூலிக்கு வந்த பெயின்டர் மீது விழுகிறது.

இதில் அவர் தவறு ஏதுமில்லை. கடையில் உள்ள இயந்திரம், 'பேஸ்' எனப்படும் அடிப்படைப் பெயின்டில் நிறச் சாயங்களைக் குறிப்பிட்ட அளவில் சேர்த்து நிறத்தை உருவாக்குகிறது. பேஸும் சாயமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், ஒருவரின் கலவைக் குறிப்பு இன்னொருவரின் இயந்திரத்தில் பயன்படாது. ஒரு நிறுவனத்தின் அட்டையில் உள்ள பெயருக்கும் எண்ணுக்கும் அடுத்த நிறுவனத்தின் அட்டையில் பொருளில்லை.

மஞ்சளில் இந்தத் தொல்லை கூடுதல். ஒரு காலத்தில் பளிச்சென்ற நிறத்தையும் அடிச்சுவரை மறைக்கும் திறனையும் ஒருசேரத் தந்தது ஈயக் குரோமேட். அது நச்சுப் பொருள். வீட்டுப் பெயின்ட்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகக் கூடாது என்று 2016-இல் வெளியிடப்பட்ட விதி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது தேவையான விதி. இன்று கரிமச் சாயங்கள் பளிச்சென்று இருந்தாலும் அவற்றின் மறைக்கும் திறன் குறைவு. மஞ்சட்காவியின் இனமான இரும்பு ஆக்சைடு வெயிலைத் தாங்கி நன்கு மறைத்தாலும் மங்கலானது. இவற்றை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு விகிதத்தில் சேர்க்கிறது. எனவே கடை விளக்கொளியில் ஒன்றாகத் தெரியும் இரு மஞ்சள்கள் வெயிலில் வேறுபடுகின்றன. மஞ்சளில் கறுப்புச் சாயம் சிறிது கூடினாலும் பச்சை தெரியும்.

பொருளாதாரத்தில் இதை 'மாறுதல் செலவு' என்போம். ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாற விரும்பும் நுகர்வோர், ஒரு சுவருக்குப் பதிலாக வீடு முழுவதும் பூச வேண்டியிருந்தால், அந்தச் செலவுக்கு அஞ்சிப் பழைய நிறுவனத்திடமே தங்கிவிடுவார். 2024-இல் பிர்லா ஓப்பஸ் போன்ற புதிய போட்டியாளர் சந்தைக்குள் வந்தும், விலைப் போட்டியின் பயன் அவருக்கு முழுமையாகக் கிட்டாது.

தீர்வு புதிதன்று. நம் பள்ளிப் பேருந்துகளுக்குப் பொன்மஞ்சள் நிறம் விதிக்கப்பட்டுள்ளது. பொன்மஞ்சள் எது என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 5 என்னும் தரம் வரையறுக்கிறது. எந்த நிறுவனத்தின் பெயின்ட்டானாலும் அந்த நிறத்துக்கு இணங்க வேண்டும். ஜெர்மனி 1927-லேயே 40 நிறங்களுக்கு 'ரால்' எண்களை வகுத்தது. நிறத்தை எண்ணால் அளக்கும் முறையைப் பன்னாட்டு ஒளியூட்ட ஆணையம் 1931-இல் வகுத்தது. வெளிர்மை, சிவப்பு–பச்சை, மஞ்சள்–நீலம் என்ற மூன்று எண்களால் நிறத்தைக் குறிக்கும் இன்றைய வடிவம் 1976-இல் வந்தது.

அந்த மூன்று எண்களையும், எந்த ஒளியில் அளந்தவை என்பதையும் நிற அட்டையிலும் கலவைச் சீட்டிலும் அச்சிடுவதைத் தர நிர்ணய அமைவனம் கட்டாயமாக்கலாம். கலவைக் குறிப்பு நிறுவனத்தின் ரகசியமாகவே இருக்கட்டும். தன் சுவரின் நிறம் எது என்று அறியும் உரிமை வீட்டுக்காரருக்கு வேண்டும். எண்கள் ஒத்தாலும் எல்லா ஒளியிலும் நிறம் ஒத்துவிடாது, பளபளப்பும் மாறலாம். ஆனால் தேடல் குத்துமதிப்பில் தொடங்காமல் அளவீட்டில் தொடங்கும்.

அதுவரை நாமே செய்யக்கூடியவை சில. வாளியில் ஒட்டிய கலவைச் சீட்டைப் பாதுகாக்க வேண்டும். அட்டைத் துண்டில் அதே பெயின்டைப் பூசி அலமாரியில் வைத்தால், பின்னாளில் நிறமளவிக் கருவி உள்ள கடையில் அளந்து பார்க்கலாம். புதிய பெயின்டைச் சுவரில் ஓரடிச் சதுரம் பூசி, காய்ந்த பின் காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். பல வாளிகளை ஒன்றாகக் கலந்து கொள்வதும், சுவரின் நடுவில் நிறுத்தாமல் மூலை முதல் மூலை வரை பூசுவதும் வேறுபாட்டைக் கண்ணுக்குக் குறைக்கும்.

எந்த நிறுவனத்தின் மின்விளக்கை வாங்கினாலும் அது வீட்டிலுள்ள ஹோல்டரில் பொருந்துகிறது. பொதுத் தரம் ஒன்று இருப்பதே அதற்குக் காரணம். விளக்குக்குக் கிடைத்த இந்த வசதி, அது ஒளியூட்டும் சுவருக்கும் கிடைக்க வேண்டும்.