'இந்த வயசுலயே சுகரா?' டைப் 1 பிள்ளைகள் எல்லாருக்கும் விளக்கம் சொல்லியே ஆகணுமா?

கல்யாண வீட்டுப் பந்தி. பதினாறு வயசுப் பெண் ஒருத்தி சாப்பிடுவதற்கு முன் இன்சுலின் பேனாவை எடுக்கிறாள். பக்கத்து இலையில் இருந்து பெரியம்மா ஆரம்பிக்கிறார்: "இந்த வயசுலயே சுகரா? ஸ்வீட் நிறைய தின்னியா? பாகற்காய் ஜூஸ் குடிச்சுப் பாரேன்!"

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் இது பழகிப்போன காட்சி.

முதலில், டைப் 1 என்பது இனிப்பு தின்று வருவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதனால் தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். 1922-ல் இன்சுலின் சிகிச்சை வருவதற்கு முன்பு இந்தக் குழந்தைகள் பிழைப்பதே அபூர்வம். "ஊசியை நிறுத்திட்டு கஷாயம் குடி" என்ற அறிவுரை உயிருக்கே உலை வைக்கும்.

சரி, இதையெல்லாம் அந்தப் பெண்தான் பந்தியில் உட்கார்ந்து விளக்கணுமா? அவசியமே இல்லை. சுகர் பார்ப்பது, சாப்பாட்டுக்கு ஏற்ப டோஸ் கணக்குப் போடுவது என்று அவளுக்கு ஏற்கனவே தினமும் வேலை இருக்கிறது. "டாக்டர் சொன்னபடி பார்த்துக்கிறேன் பெரியம்மா" என்று முடித்துக்கொள்ளலாம். பெரியம்மா கோவிச்சுப்பார், அது வேற கதை.

ஆனால் 'லோ சுகர்' விஷயம் அப்படி இல்லை. அளவு 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும். இன்னும் குறைந்தால் பேச்சு குழறும். அப்போது விளக்கம் சொல்ல அவளால் முடியாது. அதனால் வகுப்பு ஆசிரியர், பக்கத்தில் உட்காரும் தோழி என இரண்டு மூன்று பேருக்காவது முன்பே தெரிந்திருக்கணும். நினைவு இருந்தால் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

சுகர் பேஷண்ட்டுக்கே சர்க்கரையா என்று கேட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

இதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பள்ளிக்கும் பெற்றோருக்கும்தான், பிள்ளைக்கு அல்ல. டைப் 1 மாணவர்கள் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. டாக்டர் சான்றிதழை பள்ளி வழியாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஆனால் அந்த விதி தேர்வுக் கண்காணிப்பாளருக்குத் தெரியாவிட்டால்? கேள்வித்தாளை கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாழைப்பழத்துக்காக எழுந்து நின்று விளக்கப்போவது மறுபடியும் அந்தப் பிள்ளைதான்.