ஹாரனின் கழுத்தில் தொங்கும் பளு

ஒலிப்பெட்டிக்குள்ளே – 9

சென்ற வாரம் வூஃபருக்கு வேண்டிய காற்றின் கொள்ளளவைக் கணக்கிட்டோம். அதே காற்றுக்கு நடுவே, ஹாரனின் பின்முனையில் தொங்கிக்கொண்டிருக்கும் கம்ப்ரஷன் டிரைவரை இந்த வாரம் பார்ப்போம். ஜேபிஎல் 2446 போன்ற ஃபெரைட் காந்த டிரைவர் ஒன்றின் எடை 13 கிலோவை ஒட்டி வரும். அதன் டயாஃப்ரம் 4 அங்குல டைட்டானியத் தகடு, ஒலி வெளியேறும் துளை 2 அங்குலம். எடை முழுவதும் காந்தத்திலும் இரும்பிலும் இருக்கிறது. இவ்வளவையும் பல பெட்டிகளில் தாங்குவது ஹாரனின் கழுத்தில் இருக்கும் 4 போல்ட்டுகள். அந்த ஹாரனைத் தாங்குவதோ முன்பலகையில் இறங்கிய சில ஸ்க்ரூக்கள். கனமான டிரைவரின் பளு நேராகப் பெட்டியின் மரத்துக்குப் போய்ச் சேரவேண்டும், ஹாரனை அதற்குத் தூணாக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

இடுப்பில் வைத்த குடத்தைச் சுமந்து நடந்துவிடலாம். அதே குடத்தை நீட்டிய கையில் பிடித்தால் நிமிடத்தில் தோள் நடுங்கும். டிரைவரின் எடைமையம் முன்பலகையிலிருந்து 30 செ.மீ. பின்னால் இருந்தால், 13 கிலோ எடை முன்பலகையில் ஏறக்குறைய 38 நியூட்டன் மீட்டர் திருகுவிசையை உண்டாக்கும். இதன் அடையாளம் இரண்டு இடங்களில் தெரியும். டிரைவர் தலைசாயும்போது கழுத்தில் மேல்பக்க போல்ட்டுகள் இழுபட்டு, கேஸ்கட் மேலே பிரியப் பார்க்கும். ஹாரன் வெளியிலிருந்து பொருத்தப்பட்டதானால் அதன் வாயில் இதற்கு நேர்மாறு: விளிம்பின் மேல்பக்கம் பலகையில் அழுந்தும், அடிப்பக்கம் வெளியே கிளம்பும். கழுத்தில் விழும் மெல்லிய இடைவெளி வழியே, ஒலியழுத்தம் மிகுந்திருக்கும் இடத்திலேயே காற்று கசியும். வாயில் விழும் இடைவெளி வழியே வூஃபர் அறையின் காற்று சீறும். கேட்பவர் டயாஃப்ரம் கெட்டுவிட்டது என்று நினைப்பார், கெட்டது இணைப்பு.

‘போல்ட்டின் வலிமைக்கு 13 கிலோ ஒரு பொருட்டா?’ என்று கேட்கலாம். பெட்டி அசையாமல் நிற்கும்வரை இந்தக் கேள்வி நியாயமானது. திரையரங்குகளுக்காக 1940-களில் வந்த ஆல்டெக் ‘வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்’ வரிசையின் பெரிய மாதிரிகளில் ஹாரன், பெட்டிக்கு மேலே திறந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். திரைக்குப் பின்னால் ஒருமுறை நிறுத்தினால் அத்தோடு சரி. ஊர் ஊராகப் போகும் மேடை ஒலியமைப்பில், எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கி லாரி ஏறுகிறது. 10 செ.மீ. உயரத்திலிருந்து நழுவி விழும் பெட்டி 1 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளிருக்கும் டிரைவர் அந்த நொடியில் சராசரியாகத் தன் எடையைப் போல 11 மடங்கு விசையுடன் இழுக்கும். 13 கிலோ 143 கிலோவாகிறது. பிளாஸ்டிக், ஃபைபர் கிளாஸ் ஹாரன்கள் கழுத்தருகே விரிசல் விடுவதற்கு இத்தகைய அடிகள் திரும்பத் திரும்ப விழுவதே போதும்.

ஆகவே முட்டு வேண்டும். அதைக் கொடுக்கும் வரிசையும் முக்கியம். ஹாரனை முதலில் முன்பலகையில் இறுக்கி, டிரைவரைக் கழுத்தில் பூட்டி முடித்த பிறகே, காந்தத்தின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய 18 மி.மீ. பிளைவுட் கட்டையை அடியிலிருந்து தொட்டும் தொடாமலும் கொண்டுவந்து, நடுவே மெல்லிய கெட்டி ரப்பர் வைத்து, பெட்டியின் சுவரோடு திருக வேண்டும். கட்டையை முன்கூட்டியே அடித்துவிட்டு டிரைவரை அதன்மேல் அமர்த்தினால், 2 மி.மீ. பிசகுகூடக் கழுத்தை மேல்நோக்கி வளைக்கும். காப்பாற்ற வந்த முட்டே ஹாரனை உடைக்கும். லாரியில் பெட்டி தலைகீழாகவும் மல்லாந்தும் பயணம் செய்யும் என்பதால், காந்தத்தைச் சுற்றி ஒரு பட்டையும் பின்புறம் ஒரு தடுப்பும் சேர்ந்தால்தான் வேலை முழுமையாகும்.

முட்டு வழியாக வூஃபரின் அதிர்வு டிரைவருக்கு ஏறும் என்பது அடுத்த ஆட்சேபம். முட்டு இல்லாவிட்டாலும் முன்பலகை வழியாக அது ஏறத்தான் செய்கிறது. அதோடு, பிடிமானமில்லாத பளு ஹாரனின் முனையில் தன்போக்கில் ஊசலாடவும் செய்கிறது. இரு முனையிலும் பிடித்தால் அந்த ஊசலாட்டம் குறையும். அதற்காகப் பஞ்சுபோன்ற ரப்பரைத் திணித்தால் பயனில்லை; அது அமுங்கிப்போக, பளு மறுபடி கழுத்துக்கே திரும்பும். டயாஃப்ரம் மாற்றச் சிரமமாகும் என்பதிலும், காந்தம் சூடேறும் என்பதிலும் உண்மை இருக்கிறது. பட்டை கழற்றக்கூடியதாகவும், பின்மூடியைச் சுற்றிக் காற்று புழங்கும்படியும் இருந்தால் இரண்டுக்கும் வழி கிடைக்கும்.

நியோடிமியம் காந்தங்கள் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்குப் பாதி வெற்றி உண்டு. 4 அங்குல டயாஃப்ரம் கொண்ட நியோடிமியம் டிரைவர்கள் பழைய ஃபெரைட் எடையில் பாதிகூட இல்லாமல் வருகின்றன. 1 அங்குலத் துளையுள்ள சிறிய டிரைவர், குட்டையான ஹாரனில் முட்டில்லாமலே காலம் தள்ளும். ஆனால் எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்துத்தான் அந்த விலக்கை அளிக்க வேண்டும். நீண்ட ஹாரனில் இலேசான டிரைவரும் பளுதான். ஃபெரைட் டிரைவர்கள் இன்னும் ஏராளமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. அவை இருக்கும் பெட்டிகளுக்கு ஒரு துண்டு பிளைவுட்டும் ஒரு பட்டையும் வீண்செலவு ஆகாது. கேஸ்கட்டின் கசிவை எப்படிச் சோதிப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)