எரியவில்லை என்றால் ஆபத்து இல்லையா?

சாயப்பட்டறைகளில் காஸ்டிக் சோடா கரைக்கிறவர்கள் சொல்வதுண்டு: "கையில பட்டா வழவழன்னு இருக்கும், அவ்வளவுதான்." அந்த வழவழப்புதான் அபாயம். தோலின் கொழுப்பு காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாக மாறுவதால் வருவது அது. அமிலம் பட்டால் புரதம் உறைந்து, அது மேலும் உள்ளே போகாமல் ஓரளவு தடுக்கும். காரமோ திசுவைக் கரைத்தபடி ஆழமாக இறங்கும். வலி தாமதமாகவும் வரலாம்.

அதனால் வலியை வைத்து ஆபத்தை எடை போடாதீர்கள். செறிவையும், தோலில் இருந்த நேரத்தையும் பாருங்கள். ஐரோப்பிய வகைப்பாட்டில், 5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள காஸ்டிக் கரைசல் தோலை அரிப்பவற்றில் மிகக் கடுமையான பிரிவில் வருகிறது. 3 நிமிடத்துக்குள் தோலைச் சாகடிக்கும் பொருள்களுக்கான பிரிவு அது. துணியை மெர்சரைஸ் செய்யும் தொட்டியில் இருப்பது அதைவிடப் பல மடங்கு. "தண்ணி கலந்ததுதானே" என்ற சமாதானம் அங்கே செல்லாது. கரைக்கும்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும்.

கண்ணில் பட்டால் நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. வண்டி தேடாமல், முதலாளிக்குப் போன் போடாமல், முதலில் குழாயடிக்குப் போங்கள். இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, குறைந்தது அரை மணி நேரம் நல்ல தண்ணீரை ஓட விடுங்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி முறிக்கப் பார்ப்பது காயத்தைப் பெரிதாக்கும். கழுவியபின் கட்டாயம் கண் மருத்துவரிடம் போங்கள்; இமைக்குள் ஒட்டிய துகளை அவரால்தான் எடுக்க முடியும். கண் சிவக்கவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். கருவிழியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று தெரிந்தால், அங்கே ரத்தக் குழாய்கள் கருகியிருக்கலாம். சிவந்த கண்ணைவிட அது மோசம். உடம்பில் காஸ்டிக் தூள் கொட்டினால் முதலில் தட்டிவிட்டு, அது பட்ட உடையைக் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும்.

இந்த விவரமெல்லாம் அந்த ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத் தாளில் இருக்கும். 2ஆம் பகுதி ஆபத்தையும், 4ஆம் பகுதி முதலுதவியையும், 8ஆம் பகுதி எந்தக் கையுறை, எந்தக் கண்ணாடி என்பதையும் சொல்லும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று யாரும் ஒதுக்க முடியாது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ பிரிவாக வந்த உரிமை அது. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. நிர்வாகம் மறுத்தால் தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

விபத்து நடந்தால், வேலை செய்யும்போது பட்டது என்பதையும் ரசாயனத்தின் பெயரையும் மருத்துவச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "வீட்டில் பட்டது" என்று எழுதும்படி யார் வற்புறுத்தினாலும் சம்மதிக்காதீர்கள். இஎஸ்ஐ பணமும் இழப்பீடும் அந்த ஒரு வரியைப் பிடித்தே வரும்.